அண்ணன் பங்கு

தின்றாலும் கெட்டது, தின்னாவிட்டாலும் கெட்டது. இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிக்கொண்டு, தூத்துக்குடிக்கு வெளியே உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில், நெஞ்சில் நம்பர் துணியைக் குத்திக்கொண்டு, நூறு பேரோடு நூற்றியோராவது ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் இசக்கிராஜ். அரைக்கால் சட்டைப் பைக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்று தொடையை ஒட்டிச் சூடாகக் கிடந்தது. அடுப்பிலிருந்து இறக்கி எத்தனை நேரம் ஆகிறது, இன்னும் எப்படிச் சூடாக இருக்கும்? உடம்புச் சூடுதான். தன் உடம்புச் சூடுதான், வேறு யாருடைய சூடாக இருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டான். கேட்டபிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மத்தியப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். உப்பளக் கரையைச் சுற்றிக்கொண்டு ஆறு சுற்று ஓட வேண்டும். ஒரு கூட்டத்தை அவிழ்த்துவிட்டு, முதலில் வருகிற முப்பது பேர் உள்ளே போனதும், இரண்டு சிப்பாய்கள் கயிற்றைக் குறுக்கே இழுத்துப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போனவனுக்கு வேலை. இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு ஊருக்குப் பஸ். இசக்கிராஜுக்கு அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது, வயசு தாண்டிவிடும். அப்புறம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், சாகிறவரைக்கும் மருந்து வாடை. கயிறு அங்கே ஒரு கம்பத்தில் சுருட்டித் தொங்குகிறது, வெள்ளைக் கயிறு, புதுசு. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே பார்த்தான். அதற்குப் பின்னால் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து, காலை வெயிலில் கண்ணைக் குத்தியது. அந்த வெள்ளைக்குள் நிழல் என்று ஒன்றே இல்லை.

ஞானதுரை சார் இதைத் தின்னாதே என்றுதான் சொல்லியிருப்பார். பட்டாளத்திலிருந்து வந்து கோவில்பட்டியில் பையன்களை ஓடவிட்டுப் பழக்குகிற மனுஷர், வாயைத் திறந்தால் மூடுவதில்லை. "ஏல, சோறு தின்னுட்டு ஓடு, வேண்டாங்கல. எப்பத் தின்னங்கிறதுலதான் இருக்கு சங்கதி. ராத்திரி வயிறு நெறையத் தின்னு. காலைல எந்திரிச்சதும் நாலு இட்லி, அது கீழ எறங்க மூணு மணி நேரம். அதுக்கு மேல விசில் ஊதுற வரைக்கும் இனிப்புப் பக்கம் திரும்பாத. அர மணி, முக்கா மணி முந்தி இனிப்பு தின்னா என்னாவும்? சீனி சடார்னு ரத்தத்துல ஏறும். ஏறுனதும் உடம்பு பதறிப்போயி இன்சுலின அவுத்து விட்டுரும். அது சீனியப் பூரா அள்ளி உள்ள போடும். அந்த நேரம் பாத்து நீ ஓட ஆரம்பிச்சா, காலும் சீனிய இழுக்கும். ரெண்டு பக்கமும் இழுத்தா மூளைக்கு என்னல மிஞ்சும்? கை நடுங்கும், கண்ணு இருட்டும், இல்லாததெல்லாம் தெரியும்." இல்லாததெல்லாம் தெரியும். அந்த இடத்தில்தான் இசக்கிராஜின் மனசு ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுகிறது. சார் அதோடு நிறுத்தவில்லை. எல்லாருக்கும் அப்படி ஆகாது, பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்குக் கிறக்கம் வந்தாலும் ஈரல் தன் கையிருப்புச் சீனியைத் திறந்து விட்டுவிடும், தானாகத் தெளிந்துவிடும் என்றும் சொன்னார். கடைசியில் இவன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நீ கெறங்குற உடம்புல. ஒங்க அண்ணன் அப்படி இல்ல, அவனுக்கு எதக் குடுத்தாலும் எரிஞ்சிரும்" என்றார். எரிஞ்சிரும். எரிந்துதான் போனான். சார் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, அப்போது அண்ணன் உயிரோடு இருந்தான்.

அண்ணன் பெயர் மந்திரம். ஓடப் போகுமுன் இரண்டு முந்திரிக்கொத்தைக் கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொள்வான். பெயர்தான் முந்திரி, முந்திரிப்பருப்பு மருந்துக்கும் கிடையாது. பாசிப்பயறை வறுத்து உடைத்து வெல்லப்பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தது. கடித்தால் முதலில் நறுக்கென்று ஓடு உடையும், அப்புறம் உள்ளே வெல்லம். அதைக் குதப்பிக்கொண்டே பைபாஸ் ரோட்டில் ஓடுவான், இடது கைக் கட்டைவிரலை முஷ்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு, மூக்கால் ம்ஹ்ம் ம்ஹ்ம் என்று தாளம் போட்டுக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு இவன் ஓடுகிறானா, ஏதோ வேண்டாத வேலைக்குச் சலித்துக்கொண்டு போகிறானா என்றே தெரியாது. ஆனால் பிடிக்க முடியாது. ஒரு நாள் இசக்கிராஜும் ஆசைப்பட்டு இரண்டை வாங்கித் தின்றுவிட்டு, ஷூ தேடி, லேஸ் கட்டி, சாவகாசமாகக் கிளம்பினான். பெட்ரோல் பங்க் தாண்டியதும் வேர்த்தது. ஓடுகிற வேர்வை இல்லை, அது வேறு வேர்வை, குளிர்ந்த வேர்வை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. ரோட்டோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மரம் எப்படி அணையும் என்று கேட்டால் பதில் இல்லை, அணைந்தன, அவ்வளவுதான். காதுக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தூரமாகப் போனார்கள். கண் விழித்தபோது அண்ணன் தோளில் கிடந்தான். "என் பங்கத் தின்னா ஒனக்குச் செமிக்குமால" என்று அண்ணன் சிரித்தான், வீடு வருகிற வரைக்கும் இறக்கி விடவில்லை. என் பங்கு. அன்றைக்கு அது ஒரு கேலி.

அப்புறம் ஒரு பனிக்காலத்தில், இவன் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்த ஒரு விடியலில், மந்திரம் தனியாக ஓடப் போனான். லாரிக்காரனுக்குப் பனியில் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, கடைவாயில் மட்டும் பயறுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு அழவில்லை, "பாதிய வாயில வச்சுக்கிட்டே போயிட்டானே, பசியோட போயிட்டானே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். செத்தவனுக்குப் பசி ஏதம்மா என்று எவன் அவளிடம் கேட்பது. இன்றைக்கு அவனுக்குத் திதி. இந்த ஓட்டத்துக்கு வேறு நாள் கிடைக்கவில்லை பார். நேற்று மத்தியானம் தின்றதோடு சரி, படையல் முடிகிறவரை வீட்டில் யாருக்கும் வாயில் எதுவும் படக் கூடாது. விடியுமுன் அம்மா இலை போட்டாள். சோறு, சாம்பார், அவித்த முட்டை, ஓரத்தில் ஐந்து முந்திரிக்கொத்து. சாம்பிராணி காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவும் மகனுமாக வாசலில் நின்றார்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் சாப்பிட மாட்டான். தெரு இருட்டாகக் கிடந்தது. இசக்கிராஜ் கதவுக்குப் பக்கத்தில் நின்றது தற்செயல்தான். உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எலி. வீட்டில் எலி உண்டு, போன வாரம்கூட அரிசி மூட்டையைக் கடித்திருந்தது, அம்மாவிடம் எலிப்பொறி வாங்க வேண்டும் என்று இவனே சொன்னான். கதவைத் திறந்தபோது ஐந்தில் ஒன்று ஓரம் உடைந்து, உள்ளே இருந்த வெல்லம் தெரிந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். "தின்னுட்டான்" என்றாள். அவ்வளவு நிம்மதியாக அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

உடைந்ததையும் முழுசாக ஒன்றையும் இலையில் கட்டிக் கையில் கொடுத்தாள். "எய்யா, இத வேற ஆருக்கும் குடுத்துராத. படையல் நம்ம ரத்தத்துக்குள்ளதான் இருக்கணும். இதத் தின்னுட்டுத்தான் வேற எதும் வாயில வைக்கணும். ஓடப் போறதுக்கு முன்ன தின்னுரு, அவன் ஒன் கூட ஓடுவான்." பஸ்ஸில் ஏறியதும் தின்றிருக்கலாம். அப்போது தின்றிருந்தால் இந்நேரம் செரித்து, சார் சொன்ன கணக்குக்கும் சரியாக வந்திருக்கும், அம்மா வாக்குக்கும் பழுது இல்லை. எட்டயபுரம் தாண்டும்போது பொட்டலத்தைப் பிரிக்கவும் செய்தான். சாம்பிராணியும் வெல்லமும் சேர்ந்து ஒரு வாடை வந்தது, அண்ணனைக் கிடத்தியிருந்த அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த அதே வாடை. உடைந்த ஓரத்தைப் பார்த்தான். பல் தடம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எலிப் பல்லா என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. சட்டென்று கட்டிவிட்டான். பயம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் பயம்தான். அவன் கூட ஓடுவான் என்றால் எங்கே ஓடுவான்? பக்கத்திலா, உள்ளேயா? அப்படியே ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, இப்போது தின்னக் கூடாத நேரம் வந்து உட்கார்ந்துவிட்டது. இனிமேல் தின்றால் சரியாக மூன்றாவது சுற்றில் மரங்கள் அணையும். இங்கே மரமும் இல்லை, உப்புதான் அணையும். தின்னாவிட்டால் நேற்று மத்தியானத்துச் சோற்றை நம்பி ஆறு சுற்று. வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது.

"அண்ணா, வெல்லம் வாசன வருதுண்ணா" என்றான் பக்கத்தில் இருந்தவன். தருமபுரிப் பக்கத்துக்காரன், பெயர் மாதேஷ், வந்து உட்கார்ந்த உடனேயே ஊர், பேர், தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருப்பது வரைக்கும் சொல்லிவிட்டான். கொக்கு மாதிரி நீளக் கால். சற்று முன்னால் அவன் காலை நீட்டி மடக்கிப் பழகுவதை இசக்கிராஜ் பார்த்தான், பார்த்த உடனே தெரிந்தது, முப்பதில் இவனுக்கு ஒரு இடம் உறுதி. "ராத்திரி பூரா பஸ்ஸுண்ணா. வரிசைய உட்டுட்டா போயிடுமேன்னு எங்கியும் எறங்கல. வவுறு உள்ள போயிடுச்சி" என்று சிரித்தான். கேட்கவில்லை, சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அவன் கண் இவன் அரைக்கால் சட்டைப் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இசக்கிராஜின் கை தானாகப் பைக்குள் போனது. பொட்டலத்தை எடுத்தது. நீட்டியது. "எங்கம்மா செஞ்சது, தின்னு." உடைந்ததையும் சேர்த்து இரண்டையும். மாதேஷ் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சொல்லாமல் வாங்கிக்கொண்டான். முழுசை முதலில் கடித்தான். நறுக். அப்புறம் உடைந்தது. "உங்களுக்குண்ணா?" என்று கேட்டபோது வாயில் இடம் இல்லை. "நான் தின்னுட்டேன்" என்றான் இசக்கிராஜ். இலை காலியாகத் திரும்பி வந்தது, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். தொடையில் சூடு போய்விட்டது.

அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் தான் செய்தது என்ன என்று தெரிந்தது. பசித்தவனுக்குக் கொடுத்தேன். கொடுத்தது சரிதான். விசில் ஊத இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும், முந்தின கூட்டம் இப்போதுதான் ஓடப் போகிறது. முக்கால் மணி. ஞானதுரை சார் கணக்குப் பண்ணிக் கொடுத்த மாதிரி முக்கால் மணி. தெரிந்துதானே கொடுத்தாய்? இல்லை, கை தானாகப் போனது. கைக்குத் தெரியாதா? கை யாருடையது? பசிக்குத்தான் கொடுத்தேன். அப்படியானால் தின்னும்போதே, தம்பி, இதைத் தின்றுவிட்டு ஓடினால் சில பேருக்குக் கிறங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னால் ஏன் கொடுத்தாய் என்று கேட்பான். கேட்கட்டும். முப்பதில் ஒரு இடம். ஒருத்தன் விழுந்தால் ஒரு இடம். சே, அந்த நினைப்பே எனக்கு இல்லை. இல்லாத நினைப்பு எப்படி இவ்வளவு தெளிவாக எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி வருகிறது? அம்மா ஆருக்கும் குடுத்துராத என்றாளே. நம் ரத்தத்துக்குள் இருக்க வேண்டியதை எவனோ ஒரு தருமபுரிக்காரன் ரத்தத்துக்குள் விட்டாயிற்று. சீனி இப்போது ஏறிக்கொண்டிருக்கும். சீனி மட்டும்தானா? பசிக்குத்தான் கொடுத்தேன். மாதேஷ் கட்டைவிரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கினான். அதை எல்லாரும்தான் நக்குவார்கள். நக்கிவிட்டு அந்த விரலை முஷ்டிக்குள் வைத்து மூடிக்கொண்டான். இடது கை. இசக்கிராஜ் உப்பு அம்பாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்பாரத்துக்குப் பின்னால் ரோட்டில் உப்பு லாரிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு போயின.

முந்தின கூட்டம் ஓடியது. கயிறு விழுந்தது. ஒருத்தன் கயிற்றில் முட்டிக்கொண்டு அப்படியே மண்டி போட்டுக் குழந்தை மாதிரி அழுதான், சிப்பாய் அவனைத் தூக்கி ஓரமாக விட்டான். இசக்கிராஜ் இதையெல்லாம் பார்த்தானே தவிர மனசு அங்கே இல்லை. அது பக்கத்து உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போது எங்கே வந்திருக்கிறது, வயிற்றிலா, ரத்தத்திலா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. மாதேஷின் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. வெயில்தான். கொட்டாவி விட்டான். ராத்திரி தூங்காதவன் கொட்டாவி விடத்தான் செய்வான். இன்னொரு கொட்டாவி. இவன் விழுந்துவிட்டால்? வெறும் மயக்கமாக விழுந்தால் பரவாயில்லை, ஆம்புலன்ஸ் நிற்கிறது. தலை கல்லில் பட்டு, வேறு மாதிரி விழுந்தால்? தருமபுரியில் ஒரு அம்மா இலை போடுவாளே. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பாளே. கல்யாணம் பேசியிருக்கிற தங்கச்சியும் கூட நிற்கும். வாயைத் திறந்தான். "மாதேஷு" என்றான். "இன்னாண்ணா?" முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. ஓடாதே என்று சொல்ல முடியுமா, இவ்வளவு தூரம் வந்தவனிடம்? மெதுவா ஓடு என்றால் கயிறு. வாந்தி எடுத்துவிடு என்றால் சிரிப்பான். சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், கிறக்கம் வந்தால் பயப்படாதே, கொஞ்சம் தாங்கு, வடிந்துவிடும் என்பது. அதையாவது சொல்லியிருக்கலாம். "லேஸ் சரியாக் கட்டிருக்கியா பாரு" என்றான் இசக்கிராஜ். மாதேஷ் குனிந்து லேஸைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, பின்னால யாருனா கூப்டாங்களா?" என்று கேட்டான். பின்னால் உப்புதான் இருந்தது. "இல்ல" என்றான் இவன். இவனுக்கும் கேட்டிருந்தது.

விசில். நூற்றுச் சொச்சம் பேர் ஒரே மொத்தையாகக் கிளம்பினார்கள், முழங்கையும் புழுதியுமாக ஒன்றும் தெரியவில்லை. முதல் சுற்றில் நினைப்பு கிடையாது, காலும் மூச்சும்தான், அந்த ஒரு சுற்று நன்றாக இருந்தது. இரண்டாம் சுற்றில் கூட்டம் பிரிந்து நூலாக நீண்டபோது மாதேஷ் பக்கத்தில் வந்திருந்தான். ஒரே கதியில் இருவரும் ஓடினார்கள். இவன் மனசு தன் காலை விட்டுவிட்டு அவன் காலைக் கவனித்தது. தொப் தொப் என்று நேராக விழுகிறது, ஒன்றும் ஆகாது, பாதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது, இவன் அந்தப் பாதி. மூன்றாம் சுற்றில், உப்பு அம்பாரத்து வளைவில், அந்தக் கால் தப்பியது. ஒன்று விட்டு ஒன்று தப்பியது. "அண்ணா… கண்ணு…" என்றான் மாதேஷ். உதடு சாம்பலாக இருந்தது, கை எதையோ பிடிக்கப்போவது போல இவன் பக்கம் நீண்டு வந்து காற்றைத் தொட்டுவிட்டுப் போயிற்று. நின்றால் கயிறு. நிற்காதே, நின்றால் கயிறு, ஆம்புலன்ஸ் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் நின்றான். பெட்ரோல் பங்க் தாண்டி அன்றைக்கு அண்ணன் நின்று, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அன்றைக்குக் கயிறு இல்லை. இசக்கிராஜ் நிற்கவில்லை. பின்னால் அந்தக் காலடி தேய்ந்து, தள்ளாடி, இல்லாமல் போனது. அப்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது பாருங்கள், ஒரு இடம் காலி என்று. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன்மேலேயே குமட்டியது. ஆனாலும் ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த சத்தம் கேட்கவில்லையே, விழுந்தால் கேட்குமே, மண்ணில் விழுந்தால் கேட்காது. நாலாம் சுற்றில் அந்த வளைவு மறுபடி வந்தது. அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை. யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஆம்புலன்ஸ் இருந்த இடத்திலேயே நின்றது. அப்படியானால் அவன் எங்கே?

ஐந்தாம் சுற்றில் பின்னால் கேட்டது. முதலில் காலடி. இது மாதேஷின் தொப் தொப் இல்லை, இழுத்து வைக்கிற நடை, சலித்துக்கொண்டு போகிற நடை. அப்புறம் மூக்குத் தாளம். ம்ஹ்ம். ம்ஹ்ம். ஓடுகிற எவனும்தான் மூக்கால் மூச்சு விடுவான். இல்லாததெல்லாம் தெரியும் என்று சார் சொன்னது தின்றவனுக்கு, நான் தின்னவே இல்லையே, எனக்கு ஏன் கேட்கிறது? தின்னாதவனுக்கும் சீனி இறங்கும்தான். நேற்று மத்தியானத்துச் சோறு எப்போதோ தீர்ந்துவிட்டது, இப்போது தொடையில் இருப்பது வெறும் கனம், ஈர மண் மூட்டை. ஒவ்வொரு அடிக்கும் காலைத் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தூக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் இருப்பது மாதேஷாக இருக்கும், சந்தேகமே இல்லை, ஈரல் திறந்துவிட்டிருக்கும், தெளிந்திருக்கும். அப்படியானால் திரும்பிப் பார்க்க வேண்டியதுதானே? பார்க்கவில்லை. பார்த்து, அது மாதேஷ் இல்லையென்றால்? பார்த்து, அது மாதேஷ்தான் என்றால்? இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசிச் சுற்று. தூரத்தில் சிப்பாய்கள் கயிற்றைக் கம்பத்திலிருந்து அவிழ்த்தார்கள். ஒருத்தன் உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தாறு. இருபத்தேழு. முன்னால் இரண்டு பேர்தான், அவர்களுக்குப் பின்னால் இவன், எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது, இவன்தான் முப்பது, இதோ முடிந்தது, அம்மா. ம்ஹ்ம். காதருகில். வெல்லமும் சாம்பிராணியும் சேர்ந்த வாடை ஒன்று வலது பக்கமாக ஏறி வந்தது. ஒரு தோள் இவன் தோளை உரசியது, இதமாக, தள்ளாமல். அந்தத் தோள் முன்னால் போனபோது கையைப் பார்த்தான். இடது கை, முஷ்டிக்குள் கட்டைவிரல். "வா" என்ற குரல் ஒன்று முன்னாலிருந்து வந்தது. வா என்றால் போகத்தானே வேண்டும், சின்ன வயசிலிருந்து அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடிப் பழகிய கால்தானே. போகப் பார்த்தான். ஈர மண் மூட்டை நகரவில்லை. முப்பது என்று சத்தம் கேட்டது. கயிறு நெஞ்சில் பட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வரவில்லை. அந்தப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவன் நிமிர்ந்து திரும்பினான். மாதேஷ்தான். அதே நீளக் கால், அதே கள்ளமில்லாத முகம், உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது. இவனைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்ததும் அந்த முகம் விழுந்துபோயிற்று. கிட்ட வந்தான். "நீங்க முன்னாடி போயிட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றான். "நடுவுல செத்தன்னுதான் நெனச்சேண்ணா. கண்ணே தெரில. ரோடு மாதிரி தெரிஞ்சிச்சி, லாரி லைட்டு மாதிரி எதுரால வந்துச்சி. அப்பறம் என்னா ஆச்சின்னே தெரில, யாரோ தூக்கித் தோள்ல போட்டுக்கினு ஓடறாப்ல இருந்திச்சி. கால் தரையிலயே படல." சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தப் பக்கம் ரோட்டில் உப்பு லாரி ஒன்று விளக்கோடு போயிற்று. அதைத்தான் பார்த்திருப்பான், வேறென்ன. கொடுத்தது பசிக்காக மட்டும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று இசக்கிராஜ் நினைத்தான். சிப்பாய் மாதேஷைக் கூப்பிட்டான். போகிறபோது திரும்பி, "அம்மா கிட்ட சொல்லுங்கண்ணா, ரொம்ப நல்லா இருந்திச்சின்னு. அதான் என்ன ஓட வச்சிச்சி" என்றான். இடது கை முஷ்டி இன்னும் பிரியவில்லை.

கொடுத்து வைத்திருந்த பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் டீக்கடையில் இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. வாயில் எச்சில் ஊறியது. படையலைத் தின்னாமல் வேறு எதுவும் வாயில் வைக்கக் கூடாது. படையல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இலையைப் பிரித்துப் பார்த்தான், ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லை, யாரோ வழித்து எடுத்த மாதிரி பளபளப்பாக இருந்தது. போன் அடித்தது, அம்மா. எடுக்காமல் இருக்க முடியாது.

"எய்யா, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா."

"அவன் வந்தானால?" குரலை இறக்கிக் கேட்டாள், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

இசக்கிராஜ் உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "வந்தாம்மா" என்றான்.

"ஒன் கூடவே ஓடுனானா?"

"கூடத்தான் ஓடுனான். கடைசில முந்திட்டான்."

"ஜெயிச்சாச்சா?"

"அவன் ஜெயிச்சிட்டாம்மா."

அந்தப் பக்கம் அம்மா அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் மெல்ல நின்றது. அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"நீ?" என்று கேட்டாள்.

"நான் இன்னும் ஒண்ணும் தின்னலம்மா."